மூன்று பிறந்த தேதிகள்

செல்வராணிக்கு மூன்று பிறந்த தேதிகள். சர்டிபிகேட்டில் ஒன்று, ஜாதகத்தில் ஒன்று, அம்மா சொன்னது ஒன்று.

விருதுநகரில் தம்பி பிறந்த புதிதில், வீட்டில் இருந்தால் தொல்லை என்று அப்பா அவளைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப்போனார். அப்போது அவளுக்கு மூன்றரை வயது. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார் தலைமையாசிரியர். எட்டவில்லை. அப்பா அவள் தலையைக் கொஞ்சம் சாய்த்துவிட்டார். தொட்டுவிட்டாள். ஐந்து வயது என்று எழுதி, ஜூன் மாதத்தில் ஒரு தேதியையும் போட்டுக்கொண்டார்கள்.

கல்யாணப் பேச்சு வந்தபோது அவளுக்கு நிஜ வயது இருபத்தேழு. கொல்கத்தாத் துறைமுகத்தில் வேலையில் இருந்த மாப்பிள்ளை மருதமுத்துவுக்கும் இருபத்தேழுதான். பெண் மூன்று வயதாவது இளையவளாக இருக்க வேண்டும் என்று அவன் அம்மா பிடிவாதமாக இருந்தாள். ஜோசியர் புது ஜாதகம் எழுதிக் கொடுத்தார். சர்டிபிகேட் வயது வேலைக்காகக் கூட்டிப் போட்டது என்று அப்பா சமாளித்தார். கல்யாணப் பதிவிலும் இருபத்து நான்கு என்றே ஏறியது. செல்வராணி வாயைத் திறக்கவில்லை.

அதன்பின் தன் வேலையில் மாற்றல் வாங்கிக்கொண்டு அவனோடு கொல்கத்தா வந்தாள். அலிப்பூரில் மத்திய அரசு அலுவலகத்தில் முப்பது வருடம். பிரிவுத் தலைவர் நாற்காலி இரண்டு முறை அவள் பக்கம் வந்தது. முதல் முறை மகன் ஆனந்த் கைக்குழந்தை. இரண்டாவது முறை மாமியார் படுத்த படுக்கை. இரண்டு முறையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். மூன்றாவது முறை வரும் ஜனவரியில் வருவதாக இருந்தது. சர்டிபிகேட்படி அதற்கு முன்பே, ஜூனில், அறுபது முடிந்து அவள் ஓய்வு பெற வேண்டும்.

அம்மா சொன்ன தேதி கார்த்திகையில். அதன்படி இன்னும் ஒன்றரை வருடம் மிச்சம் இருந்தது. அந்த நாற்காலியில் உட்கார அது போதும்.

ஊரில் தம்பி அலைந்து திரிந்து நகராட்சிப் பிறப்புப் பதிவின் நகலை வாங்கி அனுப்பினான். பெயர் இல்லை, 'பெண் குழந்தை' என்று மட்டும் இருந்தது. ஆனால் அப்பா பெயர் இருந்தது, அம்மா பெயர் இருந்தது, கார்த்திகைத் தேதியும் இருந்தது.

அலுவலகத்தில் அவளைவிட இருபது வயது சிறிய அதிகாரி சந்தீப் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவளை அவர் தீதி, அக்கா, என்றுதான் கூப்பிடுவார்.

"தீதி, இவ்வளவு தாமதமா மாத்த ரூல் இடம் கொடுக்காது. ஆனாலும் டெல்லிக்கு அனுப்பிப் பாக்கறேன். ஒரு சிக்கல். ஃபைல்ல உங்க மேரேஜ் சர்டிபிகேட் இருக்கு. அதுல வேற வயசு. அது தப்புன்னு உங்க ஹஸ்பெண்ட் ஒரு அஃபிடவிட் கொடுக்கணும்."

அன்று மாலை சால்ட் லேக் வீட்டில் மருதமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு நகலைப் படித்தான். விரல் விட்டு ஏதோ எண்ணினான்.

"அப்ப நீ எனக்கு ஆறு மாசம் மூப்பா?"

"ஆமாங்க."

"இத்தன வருசமா சொல்லல."

"உங்கம்மா கேட்ட வயச எங்கப்பா கொடுத்தாரு. நான் எங்க சொல்ல?"

அவன் காகிதத்தை மடித்தான். பிரித்தான். மறுபடி மடித்தான்.

"எங்க ஆபீஸ்ல பாதிப் பேருக்கு உங்க ஆபீஸ்ல தெரிஞ்சவங்க இருக்காங்க. பொண்டாட்டி மூத்தவன்னு நானே முத்திரைத்தாள்ல எழுதிக் கொடுக்கணுமா, ராணி? அறுபது ஆச்சுன்னா ஆயிட்டுப் போகுது. வீட்ல நிம்மதியா இரு."

"சர்டிபிகேட்படி பாத்தா ரெண்டு வருசம் மூப்புங்க. அதுக்கு ஒண்ணும் சொல்லலியே."

"அது பொய்யின்னு எல்லாருக்கும் தெரியும்."

பொய்யாக இரண்டு வருடம் மூத்தவளாக இருக்கலாம். நிஜமாக ஆறு மாதம் ஆகாது. அவள் இரண்டு வாரம் கேட்டுப் பார்த்தாள். சாப்பாடு பரிமாறும்போது கேட்டாள். அவன் மகனுடன் ஃபோனில் சிரித்துப் பேசி முடித்த நேரம் பார்த்துக் கேட்டாள். பிறகு கேட்கவில்லை. நகலைச் சந்தீப்பிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டாள்.

ஜூன் கடைசி நாள் விடைகொடுப்பு விழாவுக்கு மருதமுத்து இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். பேசச் சொன்னார்கள். அவன் வங்காளத்தில் சொன்னான்: "என்னைவிட மூணு வயசு சின்னவ. நான் இன்னும் வேலை பாக்கறேன். கவர்ன்மென்ட் இவளக் கிழவியாக்கி வீட்டுக்கு அனுப்புது." எல்லோரும் சிரித்தார்கள். சந்தீப் மட்டும் தன் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே நல்ல மழை. ஃபோன் செயலியில் ஒரு டாக்ஸியும் கிடைக்கவில்லை. பூங்கொத்தும் சால்வையுமாகப் பேருந்தில் ஏறினார்கள். நெரிசலில் மூத்த குடிமக்கள் இருக்கை ஒன்று காலியானது. கண்டக்டர் மருதமுத்துவின் நரைத்த தலையைப் பார்த்து, "தாத்தா, உட்காருங்க" என்று வங்காளத்தில் சொன்னான். மருதமுத்து உட்காரப் போனான்.

செல்வராணி அவனைத் தாண்டிப் போய் உட்கார்ந்தாள். கண்டக்டர் சங்கடத்துடன், "பௌதி, இது சீனியர் சிட்டிசன் சீட்டு" என்றான். பௌதி என்றால் அண்ணி.

"எனக்கு அறுபது. காகிதம் காட்டணுமா?" என்றாள் வங்காளத்தில்.

கண்டக்டர் நகர்ந்தான். மருதமுத்து குனிந்து, "கால் வலிக்குது ராணி, கொஞ்சம் நகந்துக்க" என்றான்.

"நீங்க நில்லுங்க. உங்களுக்கு இன்னும் வயசாகல."

அவள் பூங்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பேருந்து பாலத்தில் ஏறித் திரும்பியது. அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.