மை படாத விரல்

இன்று வாக்குச்சாவடியில் நாள் முழுக்க ஊராரின் விரல்களுக்கு மை பூசிவிட்டு, வவுனியா பஸ்ஸில் ஏறி அமர்ந்தேன்.

பக்கத்து இருக்கையில் இருந்த ஓர் அம்மா என்னை அடையாளம் கண்டுவிட்டார்.

"தம்பி, காலம்பற எனக்கு மை பூசினது நீர்தானே? உம்மட விரலைக் காட்டும் பாப்பம்."

காட்டினேன். சுத்தமாக இருந்தது.

"ஊருக்கெல்லாம் பூசிப்போட்டு நீர் வாக்குப் போடேல்லையோ?"

"தேர்தல் வேலை செய்யிற அரசாங்க ஆக்கள் முதலே தபாலில போட்டிடுவம், அம்மா."

"தபாலிலயோ?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அக்கராயனில இருக்கிற மகள் சித்திரை வருசத்துக்கு அனுப்பின கார்ட், மாரி மழை தொடங்கியும் எனக்கு வந்து சேரேல்ல."

அதுவரை எனக்கு அந்தச் சந்தேகம் வந்ததேயில்லை.

இப்போது வாக்குகளை எண்ணத் தொடங்கியிருப்பார்கள். தபாலில் வாக்களித்த சக அரச ஊழியர்களே, உங்கள் வாக்காவது போய்ச் சேர்ந்திருக்குமா?