மெமரிக்குப் பூசிய கிரீஸ்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்திவிட்டு மனைவி உலை வைப்பாள். அரிசி களைந்து போட்டு, கஞ்சி வடித்து நிமிரும்போது திரையில் முதல் படம் தெரியும். அதுவரை பெட்டி உறுமிக்கொண்டே இருக்கும். உறுமல் நின்றால்தான் எங்களுக்குப் பயம். பத்து வருஷத்துக்கு மேலாக உப்புக்காற்றைக் குடித்து வளர்ந்த இயந்திரம் அது. ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல், நடுவே கிடக்கும் மணல் திட்டில் எங்கள் குப்பம். இங்கே சுவரில் ஆணி அடித்தால் சில மாதங்களில் துளையும் செம்பழுப்புக் கறையும்தான் மிஞ்சும்.

நான் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, படகில் ஏறினால் வாந்தி எடுப்பவன். வேறு வழியில்லாமல் படிக்கவைத்தார்கள். பொன்னேரியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். ஒழிந்த நேரத்தில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுவேன். படித்துவிட்டுச் சிரித்ததாக இதுவரை யாரும் புகார் சொன்னதில்லை.

மகளுக்கு மீஞ்சூருக்கு அந்தப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. கம்பெனி வேன் அவளை மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து குப்பத்துக்கு வரும் சாலையில் பாதி தூரம் உப்பங்கழி, மீதி தூரம் சீமைக் கருவேலம். விளக்குக் கம்பங்கள் உண்டு, விளக்குகள் இல்லை. ஒருமுறை பைக்கில் இரண்டு பேர் அவள் பின்னாலேயே மெதுவாக வந்திருக்கிறார்கள். ஒன்றும் செய்யவில்லை. அவர்கள் செய்யாததைப் பற்றியேதான் பிறகு வீட்டில் மூவரும் நினைத்துக்கொண்டிருந்தோம், ஆளுக்கொரு மூலையில். அன்றிலிருந்து நான் வண்டியை எடுத்துக்கொண்டு ரோட்டில் போய் நிற்கிறேன். வேன் கொஞ்சம் தாமதமானால் ரோட்டின் நடுவுக்கே போய் எட்டிப் பார்ப்பேன்.

அப்போதுதான் ஒரு கம்பெனி அவளை நேர்காணலுக்கு அழைத்தது. டாக்டர்கள் பேசுவதைக் கேட்டுத் தட்டச்சு செய்கிற வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். ஒரே நிபந்தனை, கம்ப்யூட்டரில் எட்டு ஜிபி மெமரி இருக்கவேண்டும். பேச ஆரம்பிக்கும் முன் அவர்களுடைய புரோகிராம் ஒன்று நம் பெட்டிக்குள் புகுந்து பார்க்கும். குறைந்தால் அதோடு சரி. எங்களிடம் இருந்தது நாலு. நேர்காணல் திங்கட்கிழமை காலை.

புது லேப்டாப்பின் விலையைக் கேட்டுவிட்டு நானும் மனைவியும் கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு நான் செலவில்லாத வைத்தியத்தில் இறங்கினேன். பழைய படங்களை அழித்தேன். பெட்டி விழித்ததும் தானாகக் கிளம்பி ஓடும் புரோகிராம்களை நிறுத்தினேன். அரிசி களையும் நேரம் மிச்சமானது. மெமரி நாலாகவே இருந்தது. சனிக்கிழமை டிஸ்க்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனேன். பழைய பாகங்கள் விற்கும் கடைக்காரர் அதிலிருந்ததையெல்லாம் எஸ்எஸ்டி என்கிற வேகமான டிஸ்க்குக்கு மாற்றிக் கொடுத்தார். கூடவே நாலு ஜிபி மெமரிப் பட்டை ஒன்றும் வாங்கினேன். ரயிலில் இரண்டையும் பச்சைக் குழந்தைபோல மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

ஞாயிறு மதியம் மகள் ஷிப்டில் இருந்தாள். பெட்டியைத் திறந்தேன். உள்ளே மணல், துரு, இரண்டு பல்லி முட்டை. பெயிண்ட் பிரஷ்ஷால் துடைத்து, புது டிஸ்க்கைப் பொருத்தி, பழைய பட்டைக்குப் பக்கத்தில் புதிய பட்டையைச் செருகிப் பொத்தானை அழுத்தினேன். மனைவி அரிசியை அளக்கவே இல்லை, திரை வந்துவிட்டது. எட்டு ஜிபி என்று காட்டியது. அதோடு நான் மூடியைப் போட்டுவிட்டு எழுந்துபோயிருக்கவேண்டும்.

எங்கள் குப்பத்தில் எந்த இரும்பையும் வெறும் உடம்போடு விடமாட்டார்கள். கதவுக் கீல், பூட்டு, சைக்கிள் செயின், படகு இஞ்சின் எல்லாவற்றுக்கும் கிரீஸ் உண்டு. கடலுக்கே போகாத எனக்கும் அது கையிலேயே ஊறிப்போன பழக்கம். அந்தப் பட்டைகளின் பொன்னிறப் பற்களைப் பார்த்ததும் உப்பு ஏறிவிடுமே என்று பதறினேன். மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரண்டையும் உருவினேன். வீட்டின் பின்பக்கம் மச்சான் வைத்திருந்த டப்பாவிலிருந்து இஞ்சின் கிரீஸை வழித்துப் பற்களுக்குப் பூசினேன். செருகும் பள்ளங்களுக்கும் கொஞ்சம். திரும்பச் செருகிப் பொத்தானை அழுத்தினேன். திரை கறுப்பாகவே இருந்தது. பெட்டி கத்த ஆரம்பித்தது.

"இன்னாங்க அது, கோழிக்குஞ்சு மாதிரி கத்துது?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல, செக் பண்ணிகினு கீது."

"மூணு மூணா கத்துதே. செக் பண்ணுதா, உசுரு இழுத்துகினு கீதா?"

கிரீஸ் மின்சாரத்தை மறிக்கும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாளைக் காலை அந்தப் புரோகிராம் வந்து கறுப்புத் திரையைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். அதற்குப் பிறகு உப்பங்கழிச் சாலையில் எத்தனை வருஷம் என்று மனது கணக்குப் போட ஆரம்பித்தது.

கிரீஸ் டப்பாவைத் தேடிக்கொண்டு மச்சான் வந்தான். என் மனைவியின் தம்பி, சொந்தப் படகு வைத்திருக்கிறான்.

"இன்னா மாமா, இதுக்கா பூசினே?"

"உப்பு ஏறாம இருக்கத்தான்."

"பல்லே தெரில. என் போட்டுக்கே நான் இவ்ளோ பூசமாட்டேன்." குனிந்து பார்த்தான். "பெட்ரோல் ஊத்தி ஒரு அலசு அலசிடலாமா? இஞ்சினுக்கு அப்டித்தான் பண்ணுவோம்."

அவன் வாயில் பீடி எரிந்துகொண்டிருந்தது. வேண்டாம் என்று அவசரமாகக் கையை ஆட்டினேன்.

மருந்துக்கடை ஸ்பிரிட், பழைய டூத் பிரஷ், பென்சில் அழிக்கும் ரப்பர். இவற்றை வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை தேய்த்தோம். பட்டைகள் சுத்தமாகிவிட்டன. பள்ளத்தின் அடியில் போனதுதான் வரவில்லை. ஒருவழியாகத் திரை வந்தது, எட்டும் வந்தது. மச்சான் என் முதுகில் தட்டினான். தட்டிய கை எடுப்பதற்குள் படம் உறைந்து மறுபடி மூன்று மூன்றாகக் கத்தியது. சூடேறியதும் அடியில் இருந்த கிரீஸ் உருகிப் பற்களுக்கு ஏறுகிறது என்று எனக்குத் தோன்றியது. திரும்பத் துடைத்து, மூடி போடாமல் டேபிள் ஃபேனை நேராக வைத்துப் பார்த்தோம். ஓடியது. ஃபேனைக் கொஞ்சம் திருப்பியதும் கத்தியது.

அன்றைக்கு ரோட்டில் மகளை ஏற்றிக்கொண்டு வரும்போது விஷயத்தைச் சொன்னேன். வண்டியில் பின்னால் இருப்பவர் முகம் தெரியாது என்பது ஒரு வசதி.

"நைனா, ஒண்ணே ஒண்ணு சொல்லு. நாளிக்கு ஓடுமா, ஓடாதா?"

"காத்து பட்டுகினே இருந்தா ஓடும்மா."

அவள் திட்டியிருக்கலாம், திட்டவில்லை. கருவேல மறைவில் ஏதோ அசைந்தது. நாய்தான். என் தோளைப் பிடித்திருந்த அவள் கை இறுகியது, வீடு வரும்வரை தளரவில்லை.

மறுநாள் காலை அவள் மேஜைக்கு முன் உட்கார்ந்தாள். மேஜைக்கு அடியில், திறந்த பெட்டிக்குப் பக்கத்தில் ஃபேனைக் கையால் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். ஃபேனின் கழுத்து தானாகத் திரும்பிவிடும் ரகம். யுபிஎஸ்ஸின் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, மின்சாரம் ஒரு கண் சிமிட்டினால் போதும். மனைவி வாசலில் நின்று தெருவில் யாரும் உரக்கப் பேசாமல் பார்த்துக்கொண்டாள். மீன்காரிகளின் தெருவில் அது சாமானிய வேலை இல்லை.

அந்தப் புரோகிராம் உள்ளே நுழைந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் மகளின் கால்கள்தான். கால்விரல்கள் தரையைக் கவ்விக்கொண்டிருந்தன. நான் மெமரிப் பட்டையையே பார்த்தேன், அதன் ஓரத்தில் ஏதாவது மினுங்குகிறதா என்று. மேலே அவள் "யெஸ் சார்" என்றாள். விரல்கள் கொஞ்சம் விரிந்தன. பிறகு தட்டச்சுச் சத்தம், நிற்காமல் பொழிந்தது. என் கை மரத்துப்போனது. வியர்வை பெட்டிக்குள் சொட்டிவிடுமோ என்று தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டேன்.

"நைனா, வெளிய வா. முடிஞ்சிச்சு."

"இன்னாம்மா சொன்னாங்க?"

"ஒண்ணாந் தேதிலேர்ந்து சேரச் சொல்லிட்டாங்க." ஹெட்ஃபோனைக் கழற்றினாள். "தெனம் எட்டு மணி நேரம்."

மனைவி வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஃபேனை விட்டுக் கை வரவில்லை. எட்டு மணி நேரம் என்பது மட்டும் காதில் நின்றது. மெதுவாகக் கேட்டேன்.

"மூடியையாவது போட்டுடட்டுமாம்மா?"

"வாணாம். நீ எதையும் தொடாத."

தொடவில்லை. முதல் சம்பளத்தில் அந்தப் பள்ளங்கள் இருக்கும் மதர்போர்டையே மாற்றப்போவதாகச் சொல்லியிருக்கிறாள். அதுவரை பெட்டி திறந்தேதான் கிடக்கும், ஃபேனின் கழுத்தை அவளே மேஜைக்காலோடு கட்டிவிட்டாள். இப்போது அவள் அந்த அறையில் வேலை செய்துகொண்டிருக்கிறாள். வாடைக்காற்று கிளம்பிவிட்டது, ஜன்னல் வழியாக உப்பு நேராகப் பெட்டிக்குள் போகிறது. நான் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தட்டச்சுச் சத்தம் நிற்கும்போதெல்லாம் என் பேனாவும் நிற்கிறது.