அபு ஹமதின் ரிவால்வருக்குத் தங்க முலாம்

ஊரில் கேட்டால் கம்பெனி வேலை என்று சொல்லிவிடுகிறேன். ஷார்ஜாவில் ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் துப்பாக்கி துடைக்கிறேன் என்றால் மாமனார் வீட்டில் டீ வருவது நின்றுவிடும். கஸ்டமர் வாயில் விழுந்து எழும் சக பாவிகளுக்கு என் கஷ்டம் புரியும்.

கல்யாணச் செலவு

கிளப் உறுப்பினர் அபு ஹமத் எங்களிடம் வைத்திருக்கும் பழைய டார்கெட் ரிவால்வர் என்றால் எனக்கு உயிர். அடிப்பக்க விளிம்பில் ஊசி தட்டினால் வெடிக்கும் சின்னத் தோட்டா போடுவது. எவனோ ஒருத்தன் அரம் போட்டுப் பார்த்துப் பார்த்து இழைத்திருக்கிறான். கருநீல இரும்பில் இணைப்பு எங்கே என்று நகத்தால் தேடினாலும் அகப்படாது. பின்பக்கச் சுத்தியலை இழுத்தால் தோட்டா உருளை மயிரிழை பிசகாமல் வந்து நிற்கும். இதையெல்லாம் எனக்குத் தெரிந்த இந்தியில் அவரிடம் உருகி உருகிச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அவ்வளவு நல்லதா? அப்ப மகன் கல்யாணத்துக்குத் தங்க முலாம் பூசிடு."

அத்தர்

உடன் வேலை பார்க்கும் காயல்பட்டினம் ஜமால் பாய், பெரிய மனுஷர் வருகிறாரே என்று அதன் மரக் கைப்பிடியில் ஊத் அத்தரைத் தேய்த்துவிட்டார். கறை படிந்துவிடுமே என்று பதறித் துடைத்தேன். கறை போனது, மணம் போகவில்லை. அபு ஹமத் எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"இப்பத்தான் இது துப்பாக்கி. முலாம் வேலையைச் சீக்கிரம் முடி."

வெறும் சத்தம்

ஒருநாள் அவருடைய மைத்துனர் அந்தக் காலி ரிவால்வரின் டிரிக்கரை டக் டக்கென்று அழுத்திக்கொண்டிருந்தார். இந்த ரகத்தைத் தோட்டா இல்லாமல் அழுத்தினால் ஊசி போய் உருளையின் விளிம்பைக் குத்திக் காயமாக்கும். பணிவாகச் சொன்னேன். தன்னிடமும் இதற்கு ஜோடி ஒன்று இருக்கிறது, டிவி பார்க்கும்போதெல்லாம் இப்படித்தான் அழுத்துவதாகச் சொன்னார்.

"அது இதுவரை ஒண்ணும் சொல்லலையே."

கலாஸ்

மறுநாள் ரிவால்வரை முலாம் கடைக்கு அனுப்ப வேண்டும். எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசி முயற்சியாக அபு ஹமதிடம் தொழில் உண்மையைச் சொன்னேன். முலாம் ஏறினால் அசையும் பாகங்கள் உரசும், டிரிக்கர் முரண்டு பிடிக்கும், குறி தப்பும். வாராவாரம் அவருக்கும் மைத்துனருக்கும் இந்த ஜோடியை வைத்துத்தான் குறி பார்த்துச் சுடும் போட்டி. தாடியைத் தடவி யோசித்தவர், "கலாஸ், போதும், தங்கம் வேண்டாம்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாசல் வரை போனவர் திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அதை என் மைத்துனனோட ரிவால்வருக்குப் பூசிடு. என் அன்பளிப்புன்னு சொல்லு."

ஒரு ரிவால்வரைக் காப்பாற்றப் போய் அதன் ஜோடியைக் காவு கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நல்ல பொருளின் அருமையை யாரிடம் வேண்டுமானாலும் பேசுங்கள், அதன் சொந்தக்காரரிடம் மட்டும் பேசாதீர்கள்.