குங்குமம் வைத்த ஆட்டுக்குட்டியோடு பல்லடம் போய் வந்தது

இங்கே நான் வழக்கமாக எழுதுவது கோயில் பயணங்கள்தான். எந்த பஸ், நடை எத்தனை மணிக்குத் திறக்கும், சாப்பாடு எங்கே என்று கேட்டுத்தான் பலரும் வருகிறீர்கள். போன வாரம் ஒரு வாசகி வேறு மாதிரிக் கேட்டிருந்தார். பேத்திக்குப் பழைய தமிழ்ப் படப்புத்தகங்கள் தேட வேண்டும், கோயமுத்தூர் வந்தால் கிடைக்குமா என்று. பதில் எழுத உட்கார்ந்தேன். 1992 நவம்பரில், ஒரே வாரத்தில் ஒரு படப்புத்தகத்துக்காக இரண்டு பயணம் போனது ஞாபகம் வந்துவிட்டது. அந்த வருடத்துக் கணக்கு நோட்டைத் தேடி எடுத்தேன். டிக்கெட் விலை முதற்கொண்டு இருக்கிறது. (அந்த விலையை நம்பி இன்றைக்கு பஸ் ஏறிவிடாதீர்கள். தூரம் மட்டும்தான் அப்படியே இருக்கிறது.)

அப்போது நாங்கள் பீளமேட்டில் குடியிருந்தோம். பக்கத்து வீட்டில் ஸ்டெல்லா டீச்சர். அவரிடம் ஒரு தகரப் பெட்டி நிறையக் குழந்தைகள் படப்புத்தகங்கள் இருந்தன. பெரும்பாலும் ருஷ்யாவிலிருந்து தமிழில் அச்சாகி வந்தவை. கெட்டி அட்டை, வழவழப்பான தாள், பிரித்தால் ஒரு தனி வாசனை. தெருப் பிள்ளைகளுக்கு ஒரு நோட்டில் பெயர் எழுதிக்கொண்டு மூன்று மூன்றாகக் கொடுப்பார். மடிக்கக் கூடாது, பேனா படக் கூடாது, சாப்பிடும்போது தொடக் கூடாது.

என் மகள் நித்யாவுக்கு அப்போது ஆறு வயது. சாயங்காலம் அவளை மடியில் வைத்துக்கொண்டு, வார்த்தைக்கு வார்த்தை விரலை ஓட்டி வாசிப்பேன். ரயிலில் ஏறிக்கொண்ட பூசணிக்காய், குளிருக்குக் கம்பளி கேட்டு வீடு வீடாகப் போன முள்ளம்பன்றி, இப்படி எத்தனையோ. பனி என்றால் எங்களுக்கு மார்கழி விடியலில் கோலம் போடும்போது தலையில் இறங்குமே, அதுதான். கூரை வரைக்கும் பனி மூடிய வீட்டை அந்தப் படங்களில்தான் பார்த்தோம். நான் ஐந்தாவதோடு நின்றவள். கணக்கு எழுதுவேன், கந்த சஷ்டி கவசம் மனப்பாடம். ஆனால் ஒரு பக்கத்தைத் தடங்கலில்லாமல் வாசிக்க வராது. இந்தப் புத்தகங்களிலோ பெரிய எழுத்து, வரிக்கு நாலு வார்த்தை, மேலே படம். வார்த்தை தெரியாவிட்டால் படம் சொல்லிக் கொடுத்துவிடும். மகளுக்கு வாசிக்கிறேன் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு நான்தான் வாசிக்கக் கற்றுக்கொண்டிருந்தேன். அது யாருக்கும் தெரியாது.

அந்த ஜூன் மாதம் டீச்சர் வேலை மாறிப் பல்லடம் போய்விட்டார். போகும்போது நித்யாவுக்கு மிகவும் பிடித்த 'மணி தொலைத்த ஆட்டுக்குட்டி' புத்தகத்தை மட்டும் விட்டுப்போனார். குழந்தைகள் தினத்தன்று அவர் வீட்டில் வருடா வருடம் படப்புத்தக நாள் உண்டு. ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கதை சொல்ல வேண்டும். அன்றைக்கு இதைக் கொண்டுவந்து கொடுத்தால் அடுத்த மூன்று தருவேன் என்று சொல்லியிருந்தார். அந்தப் புத்தகம் டீச்சருக்கு அவருடைய அப்பா வாங்கித் தந்தது. முன்னட்டையின் உள்பக்கம் அவர் மசிப் பேனாவால் ஆசீர்வாதம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்த அப்பா காலமாகிப் பல வருடம் ஆகியிருந்தது.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் கணக்கு நோட்டு, என் வீட்டுக்காரருடைய ஸ்பேனர்கள், அரிவாள்மனை, கத்தரிக்கோல், நித்யாவின் சிலேட்டு, புத்தகங்கள் எல்லாம் சாமி முன்னால் வரிசையாக உட்காரும். நான் பாட்டுக்கு சரஸ்வதி துதியைச் சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துக்கொண்டு வந்தேன். மறுநாள் விஜயதசமி காலையில் நித்யா புத்தகத்தை எடுத்தாள். வீடே அதிரும்படி அழுதாள்.

அட்டையில் வெள்ளை வெளேரென்ற ஆட்டுக்குட்டி. அதன் நெற்றியில் நான் வைத்த மஞ்சள் சந்தனமும் குங்குமமும். ஆடி நோம்பிப் பண்டிகைக்குத் தொண்டாமுத்தூர்ப் பக்கம் எங்கள் மாமனார் ஊருக்குப் போனபோது, மஞ்சள் தண்ணீர் ஊற்றிப் பொட்டு வைத்த ஒரு கிடாயைக் கொஞ்சி விளையாடியிருந்தாள். மத்தியானம் அது இல்லை.

"அம்மா, இதையும் வெட்டிருவாங்களா?"

இல்லை கண்ணு என்று ஈரத்துணியால் துடைத்தேன். அதுதான் இரண்டாவது தப்பு. சிவப்பு கழுத்து வரைக்கும் இறங்கிவிட்டது. ஈரம் ஊறி, உள்பக்கத்துக் கையெழுத்திலும் இரண்டு எழுத்து கலங்கிப்போனது. அன்றிலிருந்து நித்யா அதைத் தொடவில்லை. டீச்சர் முகத்தில் எப்படி விழிப்பது, இனி நம்மை நம்பி ஒரு புத்தகமாவது தருவாரா என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

குழந்தைகள் தினம் அந்த வருடம் சனிக்கிழமை. அதற்கு முந்தின புதன்கிழமை, நித்யாவைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, இதே புத்தகம் இன்னொன்று கிடைக்குமா என்று பார்க்க, கறைபட்டதைக் கையில் எடுத்துக்கொண்டு உக்கடம் பழைய புத்தகக் கடைகளுக்குக் கிளம்பினேன். பீளமேட்டில் 9.40க்கு டவுன் பஸ். தூரம் சுமார் 11 கிலோமீட்டர், டிக்கெட் ஒரு ரூபாய். 10.25க்கு இறங்கிவிட்டேன். முதல் மூன்று கடையிலும் இல்லை. நாலாவது கடைக்காரர் என் கையிலிருந்ததைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அக்கா, இதை அடிச்ச நாடே போன வருசம் போயிருச்சுங்க. புத்தகம் எங்கிருந்துங்க வரும்?"

ஆனாலும் உள்ளே ஒரு மூலையைக் காட்டி, தேடிப் பாருங்கள் என்றார். சாக்கின் மேல் உட்கார்ந்து ஒரு மணி இருபது நிமிடம் தேடினேன். பத்தாம் வகுப்பு நோட்ஸ்களுக்கு அடியில் அதே ஆட்டுக்குட்டி, நெற்றி சுத்தமாக. ஆறு ரூபாய் சொன்னார், ஐந்துக்குக் கொடுத்தார். என் கதையைக் கேட்டுவிட்டு, "அட்டைய மட்டும் கழட்டி மாத்தி ஒட்டிப்போடுங்க. ஆருக்குத் தெரியும்?" என்று யோசனையும் சொன்னார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையே நினைத்தேன். பொய் சொல்ல மாட்டேன். மனசில் ஓரளவுக்கு வெட்டி ஒட்டியே விட்டேன். ஆனால் அந்த அட்டைக்குள்தான் டீச்சருடைய அப்பா இருக்கிறார். அதை எடுத்துவிட்டு எதைக் கொடுப்பது?

சனிக்கிழமை காலை 8.15க்கு நானும் நித்யாவும் கிளம்பினோம். பையில் இரண்டு புத்தகமும். தெருமுனைப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் வேண்டிக்கொண்டேன். சிங்காநல்லூருக்கு 5 கிலோமீட்டர், 60 பைசா, நித்யாவுக்கு 30. அங்கிருந்து திருச்சி ரோட்டில் பல்லடம் 28 கிலோமீட்டர். 9.05க்குப் பல்லடம் பஸ் வந்தது. எனக்கு 3.25, அவளுக்கு 1.65. காலையில் அந்தப் பக்கம் போகிறவர்கள் இடதுபுறம் உட்காருங்கள், மூஞ்சியில் வெயில் கொஞ்சம் குறைவாக இருக்கும்.

சூலூர் வந்ததும், நித்யா கதையை ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும் என்று உக்கடத்துப் புத்தகத்தைப் பிரித்துக் கொடுத்தேன். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, ஆட்டுக்கும் டிக்கெட் எடுக்கோணுமுங்களே" என்றார். நித்யா முகத்தை மாற்றாமல், "அது குட்டிங்க. அரை டிக்கெட்டு" என்றாள். பஸ் சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே பக்கம் புரட்டினேன். கடைசித் தாள் இல்லை. வேரோடு கிழிந்திருந்தது. கடையில் வத்தலைக்கூட எண்ணி வாங்குகிறவள், புத்தகத்தின் பக்கத்தை எண்ணவில்லை. ஆட்டுக்குட்டி வீடு சேர்வதே அந்தக் கடைசித் தாளில்தான்.

காரணம்பேட்டை தாண்டியதும் கோழி வண்டிகளிலிருந்து இறகு பறந்துகொண்டிருந்தது. 10.05க்குப் பல்லடம். இறங்கி ஒரு கிலோமீட்டர் நடை. இரண்டு பக்கமும் விசைத்தறிச் சத்தம். டீச்சர் வீட்டுக் கூடத்தில் பாயில் பன்னிரண்டு பிள்ளைகள், அவரவர் மடியில் ஒரு புத்தகம். நான் நேராகச் சமையலறைக்குப் போய், டீச்சர் கையில் அவருடைய புத்தகத்தைக் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். உக்கடத்துப் புத்தகத்தையும் காட்டி, அதில் கடைசித் தாள் இல்லை என்பதையும் சொன்னேன்.

அவர் அட்டையைத் திறந்து, கலங்கின எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். அடுப்பில் பால் பொங்கியது. நான்தான் இறக்கி வைத்தேன்.

"இந்த ஒண்ணுக்கு மட்டும்தான் வெச்சீங்களா, சாந்தாமணி?"

"எல்லாத்துக்கும்தானுங்க டீச்சர். ரேஷன் கார்டுக்குக்கூட வெச்சுப்போட்டேன்."

டீச்சரின் உதடு கொஞ்சம் அசைந்தது. சிரிப்பா என்று தெரியவில்லை. "பிள்ளைங்க காத்திட்டிருக்குது, வாங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். தன் புத்தகத்தைக் கூடத்து மேஜை மேல் வைத்தார்.

நித்யாவின் முறை ஐந்தாவதாக வந்தது. உக்கடத்துப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு தைரியமாகத்தான் ஆரம்பித்தாள். கழுத்து மணியைப் பனியில் தொலைத்த குட்டி, சத்தமில்லாமல் போனால் அம்மாவுக்குத் தன்னைத் தெரியாதே என்று பயந்து, ஒவ்வொருவரிடமும் ஒரு சத்தம் கடன் கேட்கிறது. மரங்கொத்தியின் டொக் டொக், ஓடையின் சலசலப்பு, காற்றின் ஊளை. எதுவும் அதற்குப் பொருந்தவில்லை. இருட்டிவிடுகிறது. அத்தோடு பக்கம் தீர்ந்தது. நித்யா கிழிந்த இடத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"அப்புறம்?" என்று கேட்டார்கள். மேஜை மேல் இருந்த பொட்டு வைத்த ஆட்டுக்குட்டியை ஒரு சிறுமி கையால் காட்டி, "அப்புறம் நோம்பிக்கு வெட்டிட்டாங்க" என்றாள். நித்யாவின் கண் நிறைந்துவிட்டது.

கல்யாண வீட்டில்கூட நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் நான். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. புத்தகத்தைப் பார்க்காமல், கடைசித் தாளில் இருந்தது இருந்தபடி சொன்னேன். வீட்டு வாசலில் அம்மா ஆடு விளக்கோடு நிற்கிறது. குட்டிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. 'மே' என்கிறது. அம்மா ஓடி வருகிறது. "மணி தொலைந்தால் என்ன? உன் குரல் எனக்குத் தெரியாதா?" என்கிறது. உள்ளே கஞ்சி சூடாக இருக்கிறது. கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்.

"அப்ப வெட்டலியா?" என்று அந்தச் சிறுமி கேட்டாள்.

"வெட்டலை கண்ணு. உள்ள தூங்குது."

நித்யா முதல்முறையாக மேஜை பக்கம் போய், பொட்டு வைத்த குட்டியைத் தடவிப் பார்த்தாள்.

எல்லோரும் வடை சாப்பிட்டுப் போனபின் டீச்சர் என்னைக் கூப்பிட்டார். "கறை போகாதுங்க. இதை நானே வெச்சுக்கறேன். எங்கப்பா இருந்திருந்தா உங்களையும் திட்டியிருப்பாரு, குடுத்ததுக்கு என்னையும் திட்டியிருப்பாரு. இனி என்ர புத்தகம் எதையும் பூஜையில வெக்கப்படாது." சரிங்க என்றேன். பெட்டியைத் திறந்து மூன்று புத்தகம் எடுத்து வைத்தார். நோட்டில் எழுதப் போனவர் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"இத்தனை நாளா நித்யா பேருல எழுதிட்டு இருந்தேன். படிச்சது நீங்கதானுங்களா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் என் பெயரை எழுதினார்.

2.30 பஸ்ஸில் திரும்பினோம். ஞாயிற்றுக்கிழமை படம் வரையும் தாள் ஒன்று வாங்கி, அந்தக் கடைசிப் பக்கத்தை என் கையெழுத்தில் எழுதி, நித்யாவை ஆட்டுக்குட்டி வரையச் சொல்லி, உக்கடத்துப் புத்தகத்தில் தைத்தேன். கணக்கையும் கடிதத்தையும் தவிர நான் எழுதிய முதல் பக்கம் அது. அந்தப் புத்தகம் இன்றைக்கும் நித்யா வீட்டில் இருக்கிறது. மொத்தச் செலவு, தேங்காய் சேர்த்து, 23 ரூபாய் 60 பைசா.

வாசகிக்குப் பதில்: தாராளமாக வாருங்கள். காலை பத்து மணிக்கு மேல் போனால்தான் பழைய புத்தகக் கடைகள் முழுதாகத் திறந்திருக்கும். தண்ணீர் பாட்டிலும், உட்கார ஒரு பழைய துண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். படப்புத்தகம் என்று கேட்காதீர்கள், இல்லை என்று சொல்லிவிடுவார்கள். நோட்ஸ் அடுக்குக்கு அடியில் நீங்களே பாருங்கள். வாங்கினதைப் பூஜையில் வைப்பதானால் ஒரு காகிதத்தில் சந்தனம் வைத்து அதை மேலே வையுங்கள். இரவல் புத்தகத்தை வைக்கவே வேண்டாம். பணம் கொடுக்கும் முன் கடைசித் தாள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஒரு ரூபாய் குறைத்துக் கேட்டு, வாங்கி வந்துவிடுங்கள். முடிவு தெரிந்த யாராவது ஒருவர் வீட்டில் இருப்பார்.