ஐஸ் லொறியில் வந்த பெண்

எங்கள் அம்புலன்ஸ் முதலில் ஒரு கதையில் ஓடியது, பிறகுதான் டீசலில். அந்தக் கதையைப் பல வருடங்களாகச் சந்தேகித்துக்கொண்டே ஊர் ஊராகச் சொல்லி வந்தவன் நான். பொதுக்காரியம் எதையாவது தலையில் போட்டுக்கொண்டவர்களுக்கு இந்த அவதி விளங்கும். மற்றவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

கதை

உள்நாட்டுச் சண்டை முடிந்த பிறகு, கற்பிட்டிப் பக்கத்துக் கிராமங்களுக்கு ஒரு அம்புலன்ஸ் வாங்குவதென்று நாங்கள் சிலர் கூடினோம். நான் பள்ளிக்கூட மாஸ்டர், அதனால் பேசும் வேலை எனக்கு. பேசுவதற்குக் கதை தந்தவர் சலீம் நானா; நானா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, மன்னாரிலிருந்து உடுத்த துணியோடு வந்தவர். மனைவி அகதி முகாமில் காய்ச்சலில் மௌத்தானதாகச் சொல்வார். பிள்ளைகள் இல்லை. முகாமில் இருந்த காலத்தில் மீன் ஏற்றும் ஐஸ் லொறி ஓட்டினார். எத்தாளையில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி வந்து, வேறு வாகனம் கிடைக்காமல், மீன் பெட்டிகளுக்கு நடுவில் படுக்கவைத்துப் புத்தளத்துக்குக் கொண்டுபோனாராம். பாலாவிச் சந்திக்கு வரமுன்னமே தாயும் போய்விட்டாள், வயிற்றுப் பிள்ளையும் போய்விட்டது.

கனமூலையில் ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு இதைச் சொன்னேன். கடை வைத்திருக்கும் ஒரு ஹாஜியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். நான் அம்புலன்ஸ் வேனின் வசதிகளை விளக்கத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்: “வேன் கதை எனக்கு வேணாம் மாஸ்டர். நான் தாறது அந்தப் புள்ளைக்கு.”

எந்த வீடு?

வேன் வந்தது. சலீம் நானாவே சாரதி. அந்தப் பெண்ணின் வீட்டாருக்கு வண்டியைக் காட்ட வேண்டுமென்று ஒரு நாள் நான் தனியாக எத்தாளைக்குப் போனேன். மிளகாய்த் தோட்டத்தில் நின்றவர்களிடம் எந்த வீடு என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வயதான ஒருவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சொன்னார்: “அப்பிடி ஒரு மௌத்து நடந்திருந்தா எங்களுக்குத் தெரியாமப் போகுமா? நீங்க ஊர மாத்திச் சொல்றீங்க மாஸ்டர்.”

பங்கு

வண்டி வாங்குவது சுலபம், ஓட்டுவதுதான் கஷ்டம். தலவிலப் பக்கத்தில் கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி அந்தோனி அண்ணன்தான் வழி சொன்னார். கரைவலை இழுத்தால் வலைக்கு, ஆட்களுக்கு, கோயிலுக்கு என்று மீனைப் பங்கு பிரிப்பார்கள். அதில் அம்புலன்சுக்கும் ஒரு பங்கு வைப்போம் என்றார். மற்றச் சம்மாட்டிமாரும் சேர்ந்தார்கள். மாதா கோயில் ஆட்களும் பள்ளிவாசல் ஆட்களும் சண்டை பிடிக்காமல் ஒத்துக்கொண்ட காரியம், நான் பார்த்த அளவில், இது ஒன்றுதான்.

ஒரு காலை பங்கு வாங்கப் போனேன். அவ்வளவு பேரும் வியர்க்க வியர்க்க இழுத்த வலையின் மடியில் மீனே இல்லை, தொட்டால் அரிக்கிற, எதற்கும் உதவாத சொறிமுட்டை குவிந்து கிடந்தது. அந்தோனி அண்ணன் கூடையை என் பக்கம் தள்ளினார்: “பங்கெண்டாப் பங்குதான் மாஸ்டர். அம்புலன்சுக்குரியத அள்ளிக்கொண்டு போங்க.”

கூடை

வலையில் நல்ல மீன்பாடு விழுந்த ஒரு நாள். அம்புலன்ஸ் எப்படியும் புத்தளம் போகிறது, அதன் பங்கு மீனும் புத்தளம் போக வேண்டும். மீன் விற்கிறவனுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அந்தோனி அண்ணனின் ஆட்கள் கூடையைத் தூக்கி நோயாளியின் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டார்கள். எனக்கும் அது பெரிய பிழையாகப் படவில்லை.

சலீம் நானா ஒருநாளும் சத்தம் போடாத மனிசன். அன்றைக்குக் கூடையை இழுத்து மணலில் கவிழ்த்தார். பிறகு மூன்று வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவினார். கழுவி முடித்தும் குனிந்து மணந்து பார்த்தார். சாவியை என் கையில் திணித்தார்: “இதுக்குள்ள மீன் ஏத்துறதெண்டா வேற ஆளப் பாருங்க.”

வாசலில் வேண்டாம்

சனத்துக்கு அம்புலன்ஸ் வேண்டும், ஆனால் அது வாசலில் வந்து நிற்கக் கூடாது. நெஞ்சு வலியென்று அழைத்த ஒருவர் எங்களை மெயின் ரோட்டில் நிற்கச் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போகும் ஒழுங்கை முழுதும் நடந்தே வந்தார். முகமெல்லாம் வியர்வை. ஏன் காக்கா இப்படிச் செய்தீங்க என்று கோபித்தேன். படுத்துக்கொண்டே மூச்சு வாங்கச் சொன்னார்: “வாசல்ல நிண்டா ஊரே மௌத்து வீடெண்டு வந்திரும். அவ்வளவு பேருக்கும் ஆரு தேத்தண்ணி ஊத்துற?”

நிபந்தனை

இப்போது அரசாங்கத்தின் இலவச அம்புலன்ஸ் வருகிறது. நல்ல காரியம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் தூரத்திலிருந்து வரவேண்டும். மணல் ஒழுங்கைகளும் அதற்குப் பழக்கமில்லை. அது வந்துசேரும்வரை நாங்கள் வேண்டும் என்பது என் கட்சி. பங்கு இனி எதற்கு என்பது சம்மாட்டிமாரின் கேள்வி. கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள். பங்கு நின்றால் வண்டியும் நிற்கும்.

அந்தக் கதையை இன்னொரு தரம் சொல்லத் தயாரானேன். அந்தோனி அண்ணன் தலையை ஆட்டினார்: “உங்கட வாயால கேட்டுக் கேட்டு எங்களுக்கு மனப்பாடம் மாஸ்டர். நானாவக் கூட்டிக்கொண்டு வாங்க. கண்டவர் சொல்லட்டும்.”

கண்டவர்

கூட்டத்துக்கு முதல் நாள் போனபோது நானா வேனின் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். விசயத்தைச் சொன்னேன். “நான் வரமாட்டன். நீங்களே சொல்லுங்க” என்றார்.

எனக்குச் சலிப்பு வந்துவிட்டது. “எத்தாளையில கேட்டன் நானா. அப்பிடி ஒருத்தி அங்க இருக்கவே இல்லையாம்.”

துடைப்பதை அவர் நிறுத்தவில்லை. “ஊர் எதெண்டா என்ன மாஸ்டர்... அவவுக்கு மீன் மணம் ஆகாது. மூணாம் மாசத்தில இருந்தே ஆகாது. சோத்தில மீன் ஆணம் ஊத்தினா எழும்பி வெளிய போயிருவா. லொறிய நிப்பாட்டிப் பின்னால போய்ப் பாத்தா, மூக்கப் பொத்திக்கொண்டு, என்னை இறக்கி விடுங்க, நடந்து வாறன் எண்டுறா.”

வழியில் ஏற்றிய பெண்ணுக்கு மூன்றாம் மாதத்தில் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று லொறிக்காரனுக்குத் தெரியாது. புருசனுக்குத் தெரியும். முகாமும் அதே ரோட்டில்தான் இருந்தது. அகதிப் பெண் என்று சொன்னால் ஊர்க்காரர் காசு தருவார்களா என்று பயந்துதான் எத்தாளை என்றிருப்பார். தந்திருப்போமா? என்னைக் கேட்டால், எனக்குத் தெரியாது.

வண்டிக்காக வருடக்கணக்காய் ஊரெல்லாம் கைநீட்டிக் கேட்ட நான், பக்கத்திலேயே இருந்த மனிசனிடம் கேட்க வேண்டியதை அன்றைக்குத்தான் கேட்டேன்:

“நானா, மதினிட பேர் என்ன?”