பலாமூசுக் குழம்பும் ஒரு கரண்டி ரசமும்

பிள்ளைகளா, போன வாரம் சித்தி வந்துவிட்டுப் போன பிறகு நீங்கள் ரெண்டு பேரும் சிரித்தீர்கள். "சித்தி நம்ம வீட்டுல குழம்பை மோந்து பாத்துட்டுத்தான் ஊத்துதாங்க" என்று பெரியவன் மூக்கைச் சுருக்கி நடித்துக் காட்டினான். சின்னவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நான் கண்டிக்கவில்லை. கண்டித்தால் காரணம் கேட்பீர்கள், வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்திக்கொண்டு படியுங்கள்.

சித்தி பிறந்தது தென்காசியில், கோயிலை ஒட்டிய தெருவில். அவர்கள் வீட்டுக்குள் முட்டைகூட நுழைந்தது கிடையாது. நாம் வயல்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை என்றால் கறி. சித்தப்பாவும் சித்தியும் விரும்பித் தாங்களாகவே கல்யாணம் செய்துகொண்டார்கள். அன்றோடு சித்தியின் வீட்டில் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவளுக்குச் சொந்தம் என்று வந்து போக மிச்சம் இருந்தது மேலகரத்தில் நம் வீடு ஒன்றுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம் வீரகேரளம்புதூரில் என் அத்தை வீட்டில் கோயில் கொடைத் திருவிழா. கொடை முடிந்த மறுநாள் கறிச்சோறு. நம் சொந்தத்தில் கறிக்குழம்பு என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள், உங்களுக்குத் தெரியும். அன்றைக்கும் நான்தான் வைத்தேன். குழம்பு, வறுவல், கடைசியில் நெஞ்செலும்பு ரசம். சித்திக்கு மட்டும் தனியாகச் சாம்பாரும் மிளகு ரசமும் அத்தை வைத்திருந்தாள்.

பந்தியில் சித்தி எனக்கு நேர் எதிரே இருந்தாள். அத்தை வாளியோடு வந்து அவள் இலையில் ரசம் ஊற்றினாள். எந்த வாளி என்று எனக்குத் தெரிந்தது. நான் கொதிக்க வைத்த ரசத்தின் நிறம் எனக்குத் தெரியாதா? மேலே பொட்டுப் பொட்டாகக் கொழுப்பு மினுங்கியது. அத்தை என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். ஒரு வார்த்தை போதும், "அது வேண்டாம்" என்று. நான் சொல்லவில்லை. ஒரு கரண்டிதானே, பெரியவள் விளையாடுகிறாள், நாலு பேர் முன்னால் அவளை எதற்குத் தடுக்க என்று நினைத்தேன். குனிந்து என் சோற்றைப் பிசைந்தேன்.

சித்தி முழுவதும் சாப்பிட்டு முடித்ததும் அத்தை கேட்டாள்: "ஏட்டி, ரசம் எப்படி? ஆட்டு நெஞ்செலும்பாக்கும். இனி நீ நம்ம ஆளு."

பந்தி முழுக்கச் சிரித்தது. சித்தி எழுந்து மாட்டுத்தொழுவத்துப் பக்கம் ஓடினாள். அவள் வாந்தி எடுத்த சத்தம் பந்தி வரைக்கும் கேட்டது. சித்தப்பா இலையைத் தூக்கி எறிந்துவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினான். அத்தையைத்தான் திட்டினான். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது.

அதன் பிறகு மூன்று வருஷம் அவர்கள் நம் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. போனில் நல்லது கெட்டது மட்டும் விசாரிப்பான். பிறகு சாரல் தொடங்கிய ஒரு நாள் கூப்பிட்டான்.

"அண்ணே, குற்றாலத்துக்கு வாரோம். ரூம் போட்டாச்சு."

"வீடு இங்கன இருக்க, ரூம் எதுக்குல?"

"ரூம் போட்டாச்சுங்கேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் வேணும்னா சாப்பிட வாரோம். நான் வேண்டாம்னுதான் சொன்னேன். அவதான் போவோம்னு சொல்லுதா. இந்தத் தடவை ஏதாவது ஆச்சுன்னா எனக்கு அண்ணனும் கிடையாது, வீடும் கிடையாது. பாத்துக்க."

அந்த ஒரு சாப்பாட்டில் எல்லாம் இருந்தது என்பதை நான் புரிந்துகொண்டேன். புரிந்துகொண்டு என்ன செய்தேன் என்பதுதான் விஷயம்.

உங்கள் அம்மா, "சாம்பார், அவியல், பாயாசம் வைப்போம். நான் பாத்துக்கிடுதேன், நீங்க அடுப்படிப் பக்கம் வராம இருந்தாப் போதும்" என்றாள். நான் கேட்கவில்லை. தம்பிக்கு நம் குழம்பென்றால் உயிர். மூன்று வருஷமாக அவன் வீட்டில் கறி கிடையாது, சித்திக்காக விட்டுவிட்டான். குழம்பு அதேதான், கறிக்குப் பதில் வேறு போட்டு வைத்தால் ரெண்டு பேரும் ஒரே குழம்பைச் சாப்பிடலாமே என்று எனக்குத் தோன்றியது. பெரிய யோசனை என்று எனக்கே என்மேல் மதிப்பு.

சனிக்கிழமை செங்கோட்டைச் சந்தையில் பலாமூசு வாங்கினேன். கொட்டை முற்றாத பிஞ்சுப் பலா. அங்கே இடிச்சக்கை என்பார்கள். புதுச் சட்டி, புதுக் கரண்டி, புது அரிவாள்மணை. மிக்ஸி ஜாரைப் புளி போட்டு மூன்று தடவை தேய்த்தேன். அந்த வாரம் முழுக்க வீட்டில் கருவாடுகூட இல்லை. ஏன் என்று நீங்கள் கேட்டு அழுததும் ஞாபகம் இருக்கிறது. நீங்கள் ஏதாவது உளறிவிடுவீர்கள் என்று ஞாயிறு காலையில் மாமாவோடு ஐந்தருவிக்கு அனுப்பிவிட்டேன்.

சுத்தத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் கைப்பழக்கம் இருக்கிறதே. பலாவை வேகவைத்து, கறித்துண்டு அளவுக்கு வெட்டி, நல்லெண்ணெயில் மிளகுத்தூள் போட்டு நார் நாராகப் பிரிகிற வரைக்கும் சுருள வதக்கினேன். பட்டை, கிராம்பு, சோம்பு, மிளகாய் வத்தல், மல்லி வறுத்து அரைத்தேன். சின்ன உள்ளியும் தேங்காயும் அரைத்து விட்டேன். எண்ணெய் மேலே வந்து நின்றது. ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். ஆட்டுத் தொடைக்கறி தோற்றது. அடுத்த வீட்டு அண்ணாச்சி ஜன்னலில் எட்டிப் பார்த்து, "என்னய்யா, ஆடா? தெருவே மணக்கு" என்றார். நான் பதில் சொல்லாமல் சிரித்தேன். பெருமை.

பன்னிரண்டரைக்கு அவர்கள் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். நான் வாசலுக்குப் போவதற்குள் அண்ணாச்சி முந்திக்கொண்டார்: "வாங்க வாங்க. உங்க அண்ணன் காலையில இருந்து ஆட்டுக்கறியைக் கொதிக்க வச்சிக்கிட்டு இருக்காரு."

சித்தப்பாவின் முகம் மாறியது. "இல்லல, அது பலாமூசு. அவரு சும்மா சொல்லுதாரு" என்றேன். என் குரல் எனக்கே பொய் போலக் கேட்டது. சித்தி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். அம்மாவிடம், "நல்லா இருக்கீங்களா அக்கா" என்று கேட்டாள். சேலைத் தலைப்பு மூக்கருகே இருந்தது.

இலை போட்டோம். அம்மா சோறு வைத்தாள். நான்தான் குழம்பு ஊற்றினேன், நாலு துண்டு பார்த்துப் போட்டேன். சித்தி ஒரு துண்டை விரலால் அமுக்கினாள். அது நாராகப் பிரிந்தது. கை அப்படியே நின்றது.

"என்னம்மா, சாப்பிடு."

அவள் சாப்பிடவில்லை. நெற்றியில் வியர்வை அரும்பியதைப் பார்த்தேன். சித்தப்பா தன் இலையில் இருந்த துண்டைக் கடித்தான், மென்றான், மெல்லுவதை நிறுத்தினான்.

"ஏண்ணே, இது என்னது?"

"பலாமூசுல. சத்தியமா."

"எனக்குக் கறி ருசி மறந்துட்டுன்னு நினைச்சியா?"

நான் பின்பக்கம் ஓடி, தொட்டியில் கிடந்த பலாத்தோலையும் நடுத்தண்டையும் இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்தேன். சாப்பாட்டுக்கு நடுவில் குப்பையோடு நிற்கிறேன். பால் பிசின் கையெல்லாம் ஒட்டியது. "பாரு, பாருல" என்கிறேன். அம்மா என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "அதைக் கீழ போடுங்க முதல்ல" என்றாள்.

சித்தி தோலைப் பார்த்தாள். "நம்புதேன் அத்தான். இதுல கறி இல்ல" என்றாள். குரல் உயரவில்லை. "ஆனா ஒண்ணு கேக்கணும். அதுக்குத்தான் நான் வந்ததே. அன்னைக்குப் பந்தியில நீங்க என் இலையைப் பாத்தீங்க. வாளியைப் பாத்தீங்க. அப்புறம் குனிஞ்சி சாப்பிட ஆரம்பிச்சிட்டீங்க. உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

தம்பி என்னைப் பார்த்தான். அம்மா என்னைப் பார்த்தாள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அத்தை இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது, சாட்சி கிடையாது. தெரியாது என்றால் தம்பி நம்பியிருப்பான். சாப்பாடு நடந்திருக்கும். பிள்ளைகளா, அந்த வார்த்தை என் வாய்வரை வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

"தெரியும்" என்றேன். "ரசம் வச்சதே நான்தான். பாத்த உடனே தெரிஞ்சது. சொல்லல."

தம்பி இலையை விட்டு எழுந்தான். "மூணு வருஷமா அத்தையை வைஞ்சேன். செத்ததுக்கும் போகல. நீ பாத்துக்கிட்டா இருந்த?"

"உக்காருங்க" என்றாள் சித்தி.

"நான் உக்கார மாட்டேன்."

"நான் சாப்பிட வேண்டாமா? உக்காருங்க."

அவன் உட்காரவில்லை, ஆனால் போகவும் இல்லை. சுவரில் சாய்ந்து நின்றான். அம்மா சித்தியின் இலையை எடுத்துவிட்டு வேறு இலை போட்டுச் சோறு வைத்தாள். சித்தி என்னிடம் மோர் கேட்டாள். ஊற்றினேன். இலைக்கு வெளியே கொஞ்சம் சிந்தியது.

"அத்தான், தப்பா எடுக்காதீங்க. இதை எதுக்குக் கறி மாதிரி செஞ்சீங்க? கறி ருசி எனக்குத் தெரியாது. தெரிஞ்சது அந்த ஒரு கரண்டிதான். அது இல்லாம எனக்கு ஒரு குறையும் இல்லையே."

ஒரு வாரமாகச் சந்தை, சட்டி, ஜார் என்று அலைந்தேன். அவள் என்ன விரும்பிச் சாப்பிடுவாள் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. போன் கையில்தான் இருந்தது. அவளுக்கு விருந்து என்று சொல்லிக்கொண்டு தம்பிக்குச் சமைத்திருக்கிறேன். அதைவிட, எனக்குச் சமைத்திருக்கிறேன்.

அவள் மோர்ச்சோற்றை அப்பளத்தோடு கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டாள். அவசரப்படவில்லை. நாங்கள் மூன்று பேரும் அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கை கழுவிவிட்டு வந்து, "இனிமே இந்த வீட்டுல எதையும் மோந்து பாத்துட்டுத்தான் ஊத்திக்கிடுவேன். அதுக்கு யாரும் மூஞ்சியைத் தூக்கக் கூடாது" என்றாள்.

"சரிம்மா."

"நிசமாத்தான் சொல்லுதேன்."

"தூக்க மாட்டோம்மா."

மூன்று மணிக்குக் கிளம்பினார்கள். தம்பி என்னிடம் பேசாமலே ஆட்டோவில் ஏறினான். பேச எட்டு மாதம் ஆயிற்று. சித்தி மட்டும் அம்மாவிடம் "வாரேன் அக்கா" என்றாள். என்னைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தாள். அவ்வளவுதான். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை, இன்றுவரை சொன்னதில்லை. வருகிறாள், மோந்து பார்க்கிறாள், சாப்பிடுகிறாள். நீங்கள் சிரித்தது அதைத்தான்.

மீதிக் குழம்பை அண்ணாச்சி வீட்டுக்குக் கொடுத்தேன். சட்டியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "கறி நல்லா வெந்திருக்கு" என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் மில் வேலைக்குப் போகவில்லை. நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு அம்மாவும் ரேஷன் கடைக்குப் போய்விட்டாள். அடுப்பைப் பற்றவைத்தேன். பட்டை இல்லை, சோம்பு இல்லை, கிராம்பு இல்லை. ஒரு கீற்றுப் பூசணிக்காய், தேங்காய், சீரகம், ரெண்டு வத்தல். கொதித்ததும் ஒரு தட்டில் சோறு போட்டு, குழம்பை ஊற்றி, அடுப்படியில் நின்றபடியே பிசைந்து வாயில் வைத்தேன். முதல் வாயிலேயே நாக்கு வேறு எதையோ தேடியது. தேடட்டும் என்று விட்டுவிட்டுப் பூசணிக்காயை மட்டும் மென்று பார்த்தேன். தட்டு காலியாகிற வரைக்கும் சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் குறைவாக இருந்தது. சட்டியில் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கிவிட்டு, இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டேன்.