உப்பில் வைத்த நாய்

எங்கள் நாய் செத்தபோது அப்பா கேரளாவில் கட்டட வேலையில் இருந்தார். அம்மா பக்கத்து வீட்டு பட்டன் போனை வாங்கி அவரிடம் சொன்னாள். நான் அவள் இடுப்போரம் ஒட்டி நின்று கேட்டேன்.

"நாய் செத்துப்போச்சு. காலைல பாத்தா கெடக்குது."

 அப்பாவின் குரல் எனக்கே கேட்டது.

"செத்துப்போச்சா, இல்ல இதையும் லாரில ஏத்திட்டியா?"

அப்பா அப்படிக் கேட்டதில் நியாயம் இருந்தது. இதற்கு முந்தின நாய் மேஸ்திரி வீட்டுக் கோழியைப் பிடித்துவிட்டது. அம்மாவுக்கு அந்த மேஸ்திரியிடம்தான் உப்பளத்தில் வேலை. அதனால் நாயை உப்பு லாரியில் ஏற்றி, எங்கேயாவது இறக்கிவிடும்படி டிரைவரிடம் சொல்லி அனுப்பிவிட்டு, அது தானாக ஓடிவிட்டதாக அப்பாவிடம் சொன்னாள். அந்த டிரைவர் டீக்கடையில் அப்பாவைப் பார்த்ததும் நாயை இறக்கிவிட்ட ஊரின் பெயர் உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அப்பா போய்த் தேடினார், கிடைக்கவில்லை. வேறொரு குட்டியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, சண்டை போட்டு, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவர்தான். ஐந்து மாதம் ஆகியிருந்தது.

"சனிக்கெழம வர்றேன். வந்து பாத்துக்கறேன்" என்று போனை வைத்துவிட்டார்.

அன்று புதன்கிழமை. அம்மா நாயைச் சாக்கில் போட்டுக் கட்டினாள். "ஓடைப் பக்கம் போட்டுட்டு வந்து ஸ்கூலுக்குப் போ" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். அழுததாகத் தெரியவில்லை. அந்த நாய்மேல் அவளுக்குப் பெரிய பிரியமும் கிடையாது.

நான் ஓடைக்குப் போகவில்லை. அப்பா வந்து பார்க்கும்போது நாய் இல்லையென்றால் திரும்பவும் பையைத் தூக்குவார் என்பது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. சனிக்கிழமை வரைக்கும் நாய் கெடாமல் இருக்க வேண்டும். கெடாமல் வைக்க எங்கள் ஊரில் ஒரே ஒரு வழிதான். மீனை உப்பில் வைப்பது போல வைப்பது. மீனென்றால் குடலை எடுத்துவிட்டு வைப்பார்கள். இதற்கு எனக்கு மனசு வரவில்லை.

பிற்பாடு திருப்பூரிலும் ஓசூரிலும் அந்தச் சாக்கைவிடக் கனமானதெல்லாம் தூக்கியிருக்கிறேன். ஆனால் அப்போது எனக்கு வயது ஒன்பது. உப்பளத்துப் பாத்தி வரப்பு வழியாக இழுத்துக்கொண்டுதான் போனேன். நல்ல உப்பைக் குவித்து ஓலை போட்டு மூடியிருந்தார்கள். அதைத் தொடவில்லை. அது ஜனங்கள் சாப்பிடுவது. ஓரமாகச் சேறு கலந்த உப்பு தனியாகக் கிடந்தது, தோல் பதப்படுத்தத் தோல் கம்பெனிக்குப் போவது. அதில் கையால் தோண்டி, நாயைச் சாக்கிலிருந்து எடுத்துப் படுக்க வைத்து மூடினேன். விரல் நுனியெல்லாம் எரிந்தது. ஸ்கூலில் அன்று பென்சில் பிடிக்க முடியவில்லை. அதற்கும் அடி வாங்கினேன்.

வியாழக்கிழமை போய்ப் பார்த்தேன், குவியல் அப்படியே இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் ஸ்கூலுக்குப் போகிற வழியில் பார்க்கிறேன், அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் லாரி நிற்கிறது. தோல் கம்பெனி லாரி. பெண்கள் வரிசையாகக் கூடை சுமக்கிறார்கள். அம்மாவும் அதில் இருக்கிறாள். இந்த நாயும் லாரியில்தான் போகப்போகிறது.

ஓடிப்போய் அம்மாவின் புடவையைப் பிடித்தேன். "நாய் உள்ள இருக்குது" என்றேன்.

அம்மா கூடையை இறக்கி வைத்தாள். "எந்த நாய்?"

"நம்ம நாய். அப்பா வந்து பாக்கணும்ல."

மேஸ்திரி வண்டிக்கு அந்தப் பக்கம் இருந்தார். அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அறைவாள் என்று கன்னத்தை இறுக்கிக்கொண்டேன். அவள் கேட்டது ஒரே கேள்வி. "எந்தப் பக்கம்?"

காட்டினேன். அவளே கையால் தோண்டினாள். மற்ற பெண்கள் கூடையோடு சுற்றி நின்றுவிட்டார்கள்.

"இன்னாம்மா, நாய்க் கருவாடு போட்டுக்கிறியா?" என்றாள் ஒருத்தி.

"ஆமா. உனக்கு ஒரு துண்டு வேணுமா?" என்றாள் அம்மா, நிமிராமல்.

மேஸ்திரி வந்து பார்த்து, தலையில் கை வைத்து, "சீக்கிரம் தூக்கிட்டுப் போ, மொதலாளி வந்தா என் வேலயும் போய்டும்" என்றார். அம்மா நாயைத் தன் கூடையிலேயே வைத்து, மேலே இரண்டு கை உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். ஓடையில் போட்டுவிடுவாள் என்று நினைத்தேன். ஓடையைத் தாண்டி நடந்தாள். வீட்டுக்குப் பின்னால் நிழலில் கூடையை வைத்து ஓலை போட்டு மூடி, காக்கா வராமல் கல்லும் வைத்தாள். "ஒரு நாள்தானே" என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் அப்பா பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார். நான் அவரைத் தண்ணீர்கூடக் குடிக்க விடாமல் பின்பக்கம் இழுத்துப் போனேன். அம்மா ஓலையை எடுத்தாள். நாய் விறைத்து, சுருங்கி, மீசையெல்லாம் உப்பு பூத்து, காது அப்பளம் மாதிரி நிமிர்ந்து கிடந்தது. வாசனையும் இருந்தது.

அப்பா குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"எதுக்கு இதெல்லாம்?"

"போன்ல சொன்னத நம்பினியா நீ?" என்றாள் அம்மா.

அப்பா யோசித்தார். "இல்ல" என்றார். பிறகு, "நான் செத்தா எனக்கும் உப்பு வெப்பீங்களா?"

"உனக்கு ஒரு லோடு வேணும். அதுவும் பத்தாது."

அப்பாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அம்மாவுக்கு. நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். வீட்டுப் பக்கம் முழங்கால் ஆழம் தோண்டினாலே உப்புத்தண்ணீர் ஊறிவிடும். அதனால் இருவரும் கூடையை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் சவுக்குத் தோப்பு மணலில் புதைக்கக் கொண்டுபோனார்கள். போகும்போதும் சிரித்தார்கள்.

நான் மண்வெட்டியை இழுத்துக்கொண்டு அழுதபடி பின்னால் போனேன். அப்பா நம்பிவிட்டார் என்று நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியிருந்தது. ஆனாலும் செத்த நாயைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. அன்று ராத்திரி இருவரோடும் பேசாமல் படுத்தேன். நான் பேசாததை அவர்கள் கவனிக்கவே இல்லை என்பது இன்னும் கோபமாக இருந்தது.